அட்டையைக் கேளுங்கள், பிள்ளையைத் திருப்பாதீர்கள்

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மூணாற்றுப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறையூர் மழை மறைவில் உள்ள ஊர். எங்களுக்குக் காற்றும் தூறலுந்தான். என் தங்கையை முதல் வகுப்பில் சேர்ப்பதற்காக அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றாள். எனக்கு அப்போது வயது 11. துணைக்கு நானும் போனேன். தங்கைக்குப் புதுப் பாவாடை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு சிலேட்டு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயரைக் கேட்டார். பிறந்த தேதியைக் கேட்டார். பிறகு ஊசி அட்டையைக் கேட்டார்.

“அட்டை இல்லீங்க சார். போன வருசம் குடி மாத்தறப்போ எங்கியோ தவறிப் போயிருச்சுங்க. ஊசியெல்லாம் போட்டாச்சுங்க,” என்றாள் அம்மா.

“போட்டதை எழுத்திலே வாங்கிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்.”

பேச்சு அவ்வளவுதான். சிலேட்டோடு போன பிள்ளை சிலேட்டோடு திரும்பினாள். அடுத்த மூன்று வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவோடு வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனாள். உலர்ந்த கரும்புச் சக்கையை அள்ளி அடுப்படியில் கொண்டுபோய்ப் போட்டாள். கூலி கைக்கு வந்த மறுநாள் அம்மா உடுமலைப் பேருந்தில் ஏறினாள். சின்னாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, எங்கள் பழைய ஊரின் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செவிலியரிடம் விவரம் சொன்னாள். அந்த அம்மையார் நல்லவர். பழைய பதிவேடுகளை எல்லாம் தரையில் எடுத்துப் போட்டுத் தேடினார். பெயர் இருந்தது. பிறந்தபோது போட்ட காசநோய்த் தடுப்பூசி இருந்தது. முத்தடுப்பூசி மூன்று தடவையும் இருந்தது. தட்டம்மைக்கு எதிரே இருந்த கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அம்மா பொய் சொன்னாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். விட்டுப்போன முத்தடுப்பு ஊக்க ஊசியைச் செவிலியரே போட்டுவிட்டார். தட்டம்மை ஊசிக்குரிய வயது கடந்துவிட்டதால் உடுமலையில் ஒரு தனி மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரண்டு நாள் கூலியைக் கொடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள் அம்மா. அதன் பிறகே என் தங்கை வகுப்பறையில் உட்கார்ந்தாள்.

அன்று அட்டையைக் கேட்டிராவிட்டால் அந்த வெற்றுக் கட்டம் யார் கண்ணிலும் பட்டிராது. ஆகவே கேட்டவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்டவர் பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். அதற்கு நன்றி சொல்ல என்னால் இன்றுவரை இயலவில்லை. நுண்ணுயிரியல் படிக்க வந்த பிறகு இந்த இரண்டு எண்ணங்களையும் அடிக்கடி நிறுத்துப் பார்க்கிறேன். பள்ளியில் சேரத் தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டுமா, விலக்கு அளிக்கலாமா, அளித்தால் யாருக்கு என்னும் விவாதம் இந்தப் பல்கலைக்கழக விடுதியிலும் நடக்கிறது. டாக்டர் பி. இக்பால் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு வகுத்த கேரள நலவாழ்வுக் கொள்கையின் வரைவு, பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசிச் சான்றைக் கட்டாயமாக்கலாம் என்று கூறிய நாள்முதல் இவ்விவாதம் ஓயவில்லை. விவாதிப்போர் பெரும்பாலும் நகரத்தார். மறுக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே அவர்கள் பேசுகிறார்கள். மறையூரிலிருந்து பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது.

இந்தக் கேள்வி புதியது என்று எண்ணிவிட வேண்டாம். திருவிதாங்கூர் அரசு 1813-லேயே அம்மை குத்தும் பணியைத் தொடங்கியது. 1879-இல் ஆயில்யம் திருநாள் ஆட்சியில் ஒரு பிரகடனம் வந்தது: அரசு ஊழியர், சிறையில் இருப்போர், பள்ளி மாணவர் ஆகிய மூவகையாரும் அம்மை குத்திக்கொண்டே ஆக வேண்டும். மூவரையும் ஒரே வரியில் சேர்த்ததைப் பார்த்து நம் மாணவ நண்பர்கள் சிரிக்கக்கூடும். அரசின் கைக்கு எட்டியவர்கள் அவர்கள். ஆதலால் அவர்களைப் பிடித்தார்கள். அஞ்சுநாட்டு மலைகளும் அந்த அரசின் எல்லைக்குள் இருந்தவையே.

ஆனால் 1879-இல் பள்ளி மாணவர் என்போர் யார்? புலையர் வீட்டுப் பிள்ளைக்கு அன்று பள்ளி வாசலே திறக்கவில்லை. ஐயன்காளி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராடித்தான் அந்த வாசல் சிறிது சிறிதாகத் திறந்தது. ஆகவே அந்தப் பிரகடனம் காத்தது பள்ளிக்குள் விடப்பட்ட பிள்ளையை மட்டுமே. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எழுத்தும் இல்லை, ஊசியும் இல்லை. பள்ளியை வாயிலாகக் கொண்டு நோயைத் தடுக்கும் எந்தச் சட்டத்துக்கும் இந்த ஊனம் உண்டு. நம்மவர் அதை மறந்துவிட்டே ‘அட்டை இல்லையேல் சேர்க்கை இல்லை’ என்கிறார்கள்.

கட்டாயத்தோடு கூடவே விலக்கும் பிறந்தது. இங்கிலாந்தில் 1853-இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துதல் கட்டாயமாயிற்று. அபராதமும் சிறையும் கண்டு மக்கள் கொதித்தனர். 1885-இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் திரண்டு ஊர்வலம் போயிற்று. கடைசியில் 1898-இல், மனச்சான்று இடங்கொடாத பெற்றோர் விலக்குப் பெறலாம் என்று சட்டத்தைத் திருத்தினர். போருக்குப் போக மறுத்தவர்களைக் குறிக்க நாம் படித்திருக்கும் ‘மனச்சான்று மறுப்பாளர்’ என்ற சொல், முதலில் அம்மை ஊசியை மறுத்தவர்களுக்கு வழங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய மறுப்பு எழுந்ததுண்டு. அதுவும் படியாதவரிடமிருந்து அன்று. 1948-இல் சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து செய்யும் ஆய்வுக்கூடம் அமைந்தது. காசநோயைத் தடுக்க நாடெங்கும் குழந்தைகளுக்கு ஊசி போடும் இயக்கம் நடந்தது. 1955-இல் அதை எதிர்த்துச் சிறு நூலே எழுதினார் இராஜாஜி. உயிருள்ள கிருமியை இலட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவதை அவர் ஏற்கவில்லை. அவரை ‘அறிவியலின் பகைவர்’ என்று தூற்றியவர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பி.சி.ஜி.க்கு ஒரு பெருஞ்சோதனை தொடங்கியது. 1979-இல் முதல் முடிவு வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! உலகமே திகைத்தது. ஆயினும் பச்சைக் குழந்தைகளுக்கு மூளையுறையில் காணும் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது. ஆதலால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐயம் கொள்வது குற்றம் அன்று. இராஜாஜியின் ஐயத்துக்கு விடை தேடியவர்கள் செங்கற்பட்டுக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஆண்டுக்கணக்கில் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். ஊசியை நம்பு என்று என்னிடம் சொல்லும் அறிவியல், தன் ஊசி எங்கே தோற்றது என்பதையும் தானே அச்சிட்டுச் சொல்லியிருக்கிறது. நான் அதை நம்புவதும் அதனால்தான். தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உள்ள ஊசிகள் இத்தகைய கணக்குகளில் பன்முறை நின்று வென்றவை. வாட்ஸாப்பில் வரும் மூன்று நிமிடப் பேச்சை இராஜாஜியின் ஐயத்தோடு ஒரே தட்டில் வைப்பது அவருக்கும் பெருமை அன்று.

இனி அம்மாவின் வெற்றுக் கட்டத்துக்கு வருகிறேன். 2008 ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. செய்தி ஒரே நாளில் தமிழ்நாடு முழுதும் பரவியது. என் தங்கைக்கு அப்போது ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. சரியாக அந்த ஊசிக்குரிய மாதம். “நாலு புள்ளைங்க செத்துப் போச்சாம். நான் எப்படிக் கண்ணு கூட்டிட்டுப் போவேன்?” என்று அம்மா பிற்காலத்தில் என்னிடம் கேட்டாள். அவளுக்கு என்ன விடை சொல்வது? அந்த நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு, ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து போட்டுக்கொள்ளும்படி மாற்றியது. மருத்துவர் இருக்கும் இடத்தில் போடுவது பாதுகாப்புத்தான். ஆனால் கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கேட்டது. அச்சம் பாதி, தொலைவு பாதி. சில மாதங்களில் நாங்கள் கரும்பு வேலைக்கு மறையூர் வந்துவிட்டோம். இங்குள்ள பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அங்குள்ள பதிவேட்டிலிருந்து அவள் ஆள் இல்லை.

என் தாய் மறுப்பாளர் அல்லள். எந்த மனச்சான்றையும் எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்டவள் அல்லள். ஆயினும் அவள் மகள் ஆறு வயதுவரை விலக்குப் பெற்றவளாகவே வாழ்ந்தாள். எல்லைப்புறத்தில் நடைமுறையில் உள்ள பெரிய விலக்கு இதுதான். இதற்கு விண்ணப்பம் இல்லை, கையொப்பம் இல்லை, பதிவும் இல்லை.

2017-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிகளிலேயே ஊசி போடும் இயக்கம் நடந்தது. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் தொடங்கியது, கேரளத்தில் அக்டோபரில். பிப்ரவரியில் மறையூரிலும் அக்டோபரில் உடுமலைப் பக்கத்திலும் இருந்த பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் கிடைத்திராது. மாறாக வேறொரு பிள்ளை இருமுறை போட்டுக்கொண்டிருக்கும். அதனால் கெடுதி இல்லை, முதற்பிள்ளைக்குத்தான் கெடுதி. சோதனைச் சாவடியில் சந்தன மரத்துக்குக் கணக்கு உண்டு. அவ்வழியே போகும் பிள்ளைக்குக் கணக்கு இல்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறாய் என்று கேட்பீர்கள். தட்டம்மையைப்போல் எளிதில் தொற்றும் நோய் வேறொன்றைக் காண்பது அரிது. காப்பில்லாதவர் நடுவே ஒருவனுக்கு வந்தால் அவன் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பான். இருமிவிட்டு அவன் வெளியேறிய அறையில்கூட இரண்டு மணி நேரம்வரை கிருமி தங்கியிருக்கும். அதைத் தடுத்து நிறுத்த 100-க்கு 95 பேராவது காப்புப் பெற்றிருக்க வேண்டும். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 விழுக்காடு என்றால் 38 பேர். அந்த வகுப்பில் ஊசி போடாமல் இருக்க இரண்டே பிள்ளைகளுக்குத்தான் இடம் உண்டு.

அந்த இரண்டு இடங்கள் யாருக்கு உரியவை என்பதே என் கேள்வி. இரத்தப் புற்றுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு உயிருள்ள கிருமியால் ஆன தட்டம்மை ஊசியைப் போட முடியாது. நோய் எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே குன்றிய பிள்ளைக்கும் முடியாது. முன்பு போட்ட ஊசியில் மூச்சடைத்து உயிர் தப்பிய பிள்ளைக்கு மறுபடி அதே ஊசி கூடாது. இவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் விலக்கு சலுகை அன்று, அது மருத்துவமே. சளியும் இலேசான காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விலக்குக்குக் காரணம் ஆகா. ‘இன்று சளியாக இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அனுப்பி, அந்த அடுத்த வாரம் வாராமலே போன பிள்ளைகள் எத்தனையோ! ‘எங்களுக்கு இதில் நம்பிக்கையில்லை’ என்று சொல்லும் பெற்றோர் அந்த இரண்டு இடங்களில் ஒன்றைத் தம் பிள்ளைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நோயுற்ற பிள்ளையின் நாற்காலியில் நல்ல உடம்புள்ள பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். நான் நம்பிக்கை விலக்கை எதிர்ப்பது இதனால்தான். அவர்களைச் சிறுமைப்படுத்த அன்று.

கலிபோர்னியாவில் 2014 இறுதியில் டிஸ்னி பூங்காவிலிருந்து தட்டம்மை பரவியது. 2015-இல் அந்த மாநிலம் நம்பிக்கை விலக்கை ஒழித்தது. உடனே என்ன நடந்தது தெரியுமா? மருத்துவ விலக்குகள் பெருகின! சில மருத்துவர்கள் கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். 2019-இல் அந்தச் சீட்டுகளையே சோதிக்க இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2025-இல் டெக்சாஸ் மாநிலத்தில் 700-க்கு மேற்பட்டோருக்குத் தட்டம்மை வந்தது. ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தனர். இத்தாலி 2017-இல் செய்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஊசியின்றிக் குழந்தைப் பள்ளியில் சேர்ப்பதில்லை. ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதில்லை; பெற்றோருக்குத்தான் அபராதம். பிள்ளையின் படிப்பைப் பெற்றோரின் பிடிவாதத்துக்கு விலையாகக் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கூலிக்காரரிடம் அபராதம் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேறுபாட்டை உணர்ந்த சட்டம் அது என்கிறேன்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி காட்டுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியை உரிமையாக்கியது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பிறந்த நாளுக்கே காகிதம் கேட்டுத் திருப்பக் கூடாதென்றால், ஊசிக்குக் காகிதம் கேட்டுத் திருப்புவது எவ்வாறு பொருந்தும்? இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம், பெற்றோரின் இசைவின்றிப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பிள்ளையையும் திருப்ப முடியாது. பிடித்து வைத்துக் குத்தவும் முடியாது. எஞ்சியிருப்பது பெற்றோரோடு உட்கார்ந்து பேசும் வேலை. அதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை.

கேரளம் படிப்பில் சிறந்த நாடு, இங்கு இந்தக் கவலை எதற்கு என்பாரும் உளர். மலப்புறத்தை நினைத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான் என்னும் நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கண்டிருந்த இளம் மருத்துவர்கள், 2015-லும் 2016-லும் அங்கே பிள்ளைகள் அதனால் இறப்பதைக் கண்டார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். 2016-இல் மட்டும் வடகேரளத்தில் 500-க்கு மேற்பட்டோருக்கு வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் 10 வயதைக் கடந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் அதே மாவட்டத்தில் தட்டம்மை பரவி, மத்திய அரசு குழுவை அனுப்ப நேர்ந்தது. அங்கே மறுத்தவர்களும் இருந்தார்கள். ஊக்க ஊசியை மறந்தவர்களும் இருந்தார்கள். முத்தடுப்பூசியின் காப்பு நாளடைவில் குறைவது. அதனால்தான் 5 முதல் 6 வயதுக்குள் ஒன்றும், 10 வயதில் ஒன்றும், 16 வயதில் ஒன்றும் ஊக்க ஊசிகள் வைத்திருக்கிறார்கள். இவை மூன்றும் பள்ளி வயதில் வருவன. கைக்குழந்தைக்கு அங்கன்வாடியும் செவிலியரும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையைத் தேடி எவர் வருவார்? அவன் இருக்கும் இடம் பள்ளிக்கூடந்தான். அவனைப் பள்ளியை விட்டு அனுப்பிவிட்டால் ஊசியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

மறையூரில் பள்ளி திருப்பி அனுப்பிய பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்காது. கரும்புக் காட்டுக்குப் போகும். என் தங்கை போனதைப்போல. முதுவர் குடியிலிருந்தோ மலைப்புலையர் குடியிலிருந்தோ மலையிறங்கி வந்த பிள்ளையானால், நடந்த வழியே திரும்பிப் போகும். மறுபடி வருமா என்பது ஐயமே.

மருந்துப் புட்டியைப் பற்றியும் ஒரு சொல். தட்டம்மை–ரூபெல்லா மருந்து உலர்ந்த தூளாக வரும். ஒரு புட்டியில் 5 அல்லது 10 பேருக்குரிய மருந்து இருக்கும். நீர் விட்டுக் கலக்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் புட்டியைத் திறக்கலாம் என்பதே விதி. ஆனால் மருந்து வீணாகிறதே என்று தயங்கி, “அடுத்த புதன்கிழமை வாங்க, நாலு பேர் சேரட்டும்” என்று சொல்லும் செவிலியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் மருந்தைக் காத்து மலையேறி வருபவருக்கு அந்தச் சிக்கனம் இயல்பு. பள்ளியில் விடுபட்ட பத்துப் பிள்ளைகளின் பட்டியல் இருந்தால் இந்தத் தயக்கமே எழாது. ஒரே நாளில் ஒரே புட்டியில் வேலை முடியும்.

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு பள்ளியும் சேர்க்கையின்போது ஊசி அட்டையைக் கட்டாயம் கேட்கட்டும். அட்டை இல்லாத பிள்ளையை அன்றே சேர்த்துக்கொண்டு, பெயரை ஒரு தனி ஏட்டில் எழுதட்டும். அந்த ஏடு ஜூன் மாதத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். ஊசி போட்டதற்கு ஆதாரம் கிடைக்காவிட்டால் போடாததாகவே கொண்டு, வயதுக்குரியதைப் பள்ளியிலேயே போடலாம். முன்பே ஒருமுறை போட்டிருந்தாலும் தட்டம்மை ஊசியால் கேடில்லை. மறுக்கும் பெற்றோர் மருத்துவர் முன் நேரில் வந்து, அவர் சொல்வதைக் கேட்டு, பிறகும் மறுத்தால் ஆண்டுதோறும் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். ஊரில் தட்டம்மை கண்டால், கடைசி நோயாளி கண்ட நாளிலிருந்து 21 நாள் அவர்கள் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். விலக்கு வேண்டுவோர் அதற்குச் சிறிது நடக்கட்டும்; ஊசி வேண்டுவோர் நடக்க வேண்டாம். இன்றோ எல்லாம் தலைகீழாக இருக்கிறது. ஊசி வேண்டிய என் தாய் உடுமலைக்கும் மறையூருக்குமாக அலைந்தாள்.

இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே பதிவு வேண்டாமா என்பீர்கள். ‘யூ-வின்’ என்னும் பதிவு முறை 2023-இல் சோதனையாகத் தொடங்கி நாடெங்கும் விரிந்துவருகிறது. எந்த மாநிலத்தில் போட்டாலும் எந்த மாநிலத்திலும் பார்க்கலாம் என்பது அதன் நோக்கம். நல்லதுதான். ஆனால் மறையூருக்கு மேலே உள்ள குடிகளில் தொலைபேசிக்குக் கோபுரம் எட்டாத இடங்கள் உண்டு. கூலிக்காரர் தொலைபேசி எண்ணை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். கணிப்பொறி வருகிறவரை தாளும் பேனாவும் வேண்டும். அட்டை தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே அச்சாக வேண்டும். உடுமலைச் செவிலியர் எழுதியதை மறையூர்ச் செவிலியரும், அங்கிருந்து இங்கு வந்த தாயும் படிக்க முடிய வேண்டும் அல்லவா?

என் தங்கைக்கு இப்போது வயது 18. அன்று அம்மா உடுமலையிலிருந்து வாங்கி வந்த நகலை இன்னும் பெட்டியில், குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. வெற்றுக் கட்டத்தில் பிறகு எழுதிய தேதி மட்டும் வேறு மையில் இருக்கிறது.

வரும் ஜூன் முதல் வாரத்தில், பள்ளிச் சேர்க்கை நடக்கும் நாட்களில், நான் மறையூரில் இருப்பேன். அட்டை தவறிய பெற்றோருக்குப் பழைய ஊர்ச் சுகாதார நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும், விடுபட்டவர் பட்டியல் எழுதவும் தலைமையாசிரியர் ஒருவர் இடம் தர இசைந்திருக்கிறார். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த இருவர் உடன் வந்தால் உதவியாக இருக்கும். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில் உண்டு. பேருந்துக் கட்டணம் அவரவர் பொறுப்பு. வர விரும்பும் நண்பர்கள் தேர்வு முடிவதற்குள் நம் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.